கணக்கா, எஸ்.பி.யா?

புனே ஜூனியர் கல்லூரிகளில் பதினோராம் வகுப்பு வணிகவியலில் சேரும் பிள்ளைகள் பலர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது. எஸ்.பி. என்றால் செக்ரட்டேரியல் பிராக்டிஸ். பங்குதாரர்களுக்கும் வைப்புதாரர்களுக்கும் கம்பெனிச் செயலாளர் எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் பாடம். கணக்கை எடுத்தாலோ வகையீடு, தொகையீடு, நேரியல் திட்டமிடல் என்று போகும். இரண்டுக்கும் நூறு மதிப்பெண்தான். சதவீதத்தில் இரண்டுக்கும் ஒரே எடை. அப்படியிருக்க, பிள்ளை எஸ்.பி. பக்கம் சாய்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பிலேயே ஆறு பாடங்களில் சிறந்த ஐந்தை மட்டும் சதவீதத்துக்கு எடுக்கும் முறை 2010 முதல் இருக்கிறது. கணக்கில் தேறினால் போதும், மதிப்பெண் குறைந்தாலும் சதவீதம் குறையாது என்று நாம்தான் கற்றுக்கொடுத்தோம்.

இழப்பு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு இருந்தாக வேண்டும். ஊருக்குப் பக்கத்திலேயே கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாதெமி இருக்கிறது. தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணக்குக்கு. படிவம் நிரப்பும் நாளில் இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் யார் சொல்கிறார்கள்?

அரசின் யோசனைகள் தேர்வைச் சுற்றியே வருகின்றன. மகாராஷ்டிர வாரியம் எளிமையான 'பொதுக் கணிதம்' வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. சி.பி.எஸ்.இ. 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' எனப் பிரித்தது. பாடப் புத்தகமும் வகுப்பறையும் ஒன்று, வினாத்தாள் மட்டும் வேறு. 2024இல் மகாராஷ்டிரக் கலைத்திட்டச் சட்டகம் இன்னொன்றைச் சொன்னது: கணக்கிலும் அறிவியலிலும் 35 எடுக்காவிட்டாலும் 20 எடுத்தவர்களைப் பதினோராம் வகுப்புக்கு அனுப்பலாம், இந்தப் பாடங்களை மேற்கொண்டு படிக்க முடியாது என்ற குறிப்புடன்.

கணக்கில் தோற்றதற்காக ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோகக் கூடாது. அந்த அளவில் இது நல்ல யோசனை. அந்தக் குறிப்புதான் உறுத்துகிறது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போனபோது உட்காரவைத்துச் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு, பதினாறு வயதில் சான்றிதழில் முத்திரை குத்துகிறோம். வசதியுள்ள வீட்டில் டியூஷன் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். முத்திரை யார்மேல் விழும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எஸ்.பி. எடுத்தவரோ, குறிப்போடு போனவரோ, பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மனம் மாறினால் கணக்குக்குத் திரும்ப ஓர் இணைப்புப் பாடமும் தேர்வும் வேண்டும். எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்பு கிடைக்காது என்ற பட்டியலைச் சேர்க்கைப் படிவத்திலேயே மராத்தியில் அச்சடித்துக் கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.