விலகிப் போகவும் ஒரு வழி வேண்டும்: குறிஞ்சிப்பிட்டிப் பட்டதாரிகளின் கோரிக்கைச் சாசனம்

பட்டப்பின்படிப்பு நடத்தும் பீடங்களுக்கும் நிறுவகங்களுக்கும், புலமைப்பரிசில் சபைகளுக்கும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும்:

குறிஞ்சிப்பிட்டியிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் அயல் ஊர்களிலும் பட்டம் முடித்தவர்களும், எங்களைப் படிப்பித்த பெற்றோரும் சேர்ந்து இதை முன்வைக்கிறோம். இதில் நாங்கள் இடம் கேட்கவில்லை. கேட்டிருந்த இடம் இப்போது வேண்டாம் என்றால், முடிவு வருமுன்னரே அதை மரியாதையாகச் சொல்லி விலகுவதற்கு ஒரு வழி கேட்கிறோம்.

முதுமாணிக்கு விண்ணப்பித்த ஒருவர் இடையில் மனம் மாறுவது குற்றமல்ல. ஞாயிறு பத்திரிகையில் விளம்பரம் வந்து, விண்ணப்பம் போய், தெரிவுப் பரீட்சை, நேர்முகம் என்று மாதங்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் தூரத்து மாகாணமொன்றில் ஆசிரிய நியமனம் கிடைக்கிறது. கட்டார் விசா வந்துவிடுகிறது. கல்யாணம் பேசி முடிகிறது. வெங்காய விலை விழுந்த வருஷத்தில், முதல் தவணைக்கு ஒதுக்கி வைத்த காசு தோட்டக் கடனுக்குப் போய்விடுகிறது. வார இறுதி வகுப்பென்றால் கொழும்புக்கு 150 கிலோமீற்றருக்கு மேல். பாலாவிச் சந்திவரை வருவதே ஒரு பயணம். விண்ணப்பிக்கும்போது இதெல்லாம் சமாளிக்கலாம் போலத்தான் இருக்கும். சிறு பிள்ளை இருக்கும் ஒரு ஆசிரியைக்கு நேர்முகக் கடிதம் வந்த பிறகுதான் கணக்கு சரியாக விளங்கும்.

அப்போது எங்களில் பெரும்பாலானோர் செய்வது பேசாமல் விட்டுவிடுவதுதான். நேர்முகத்துக்குப் போவதில்லை, கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. பஸ் ஜன்னலால் லேஞ்சியைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, பஸ்ஸில் ஏறாமலே போவதைப் போன்ற வேலை இது. இதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். விலகுகிறேன் என்றால் அடுத்த முறை பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் முதல் காரணம். யாருக்கு எழுதுவது என்று எந்த விளம்பரத்திலும் இல்லாதது இரண்டாவது. பரிந்துரைக் கடிதம் தந்த விரிவுரையாளரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் மூன்றாவது, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

பட்டப்படிப்பு அனுமதியில் இந்தச் சிக்கலுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. நாடளாவிய திறமைக்கு 40 வீதம், மாவட்ட அடிப்படைக்கு 55 வீதம், எங்கள் புத்தளம் உட்பட்ட கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று ஆணைக்குழு பிரிக்கிறது. பதிவு செய்யாதவர்களின் இடங்களுக்கு அடுத்த இசெட் புள்ளிக்காரரை அழைக்கிறது. வெற்றிடம் நிரப்பலுக்காகக் காத்திருந்து உள்ளே போனவர்கள் எங்களிலும் உண்டு. பட்டப்பின்படிப்பில் மாவட்ட ஒதுக்கீடும் கிடையாது, அப்படியொரு பொது ஏற்பாடும் கிடையாது. ஒவ்வொரு பீடமும் தன் வழக்கப்படி செய்கிறது. ஒருவர் சொல்லாமல் விலகினால் அந்த இடம் காலியாகவே ஆண்டைக் கடத்தலாம். அடுத்த இடத்தில் நின்றவருக்குத் தான் எவ்வளவு கிட்ட நின்றார் என்பதே தெரியவராது.

ஆகவே எமது கோரிக்கைகள்.

விண்ணப்பம் கோரும் ஒவ்வொரு விளம்பரத்திலும் இறுதித் திகதிக்குக் கீழே, விலக விரும்புவோர் யாருக்கு, எந்த முகவரிக்கு அல்லது மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தெரிவு அறிவிக்கப்படும் நாள்வரை விலகல் கடிதம் ஏற்கப்பட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. பெண்களிடம் “கல்யாணமா?” என்று தொலைபேசியில் விசாரிப்பதும் காரணம் கேட்பதுதான்.

கடிதம் கிடைத்ததென்று ஏழு வேலை நாட்களுக்குள், திகதியிட்டு, எழுதிய மொழியில் பதில் தாருங்கள். எழுதிய மொழியில் பதில் கேட்பது சலுகையல்ல. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அலுவலருடன் தமிழில் கடிதத் தொடர்பு கொண்டு, தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது.

முடிவுக்கு முன் முறையாக விலகியவரின் பெயருக்கு எதிரே எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு அவர் புதிய விண்ணப்பதாரியாகவே கருதப்பட வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, விளம்பரத்தில் அச்சிட வேண்டும். பயம் போனால் பாதிப் பேர் தாமாகவே எழுதுவார்கள் என்பது எமது எண்ணம்.

கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் “மீளளிக்கப்படமாட்டாது” என்பதை ஏற்கிறோம். கோப்பைத் திறந்த செலவு அது. ஆனால் பதிவுக்கும் முதல் தவணைக்கும் கட்டிய பெருந்தொகை வேறு. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கொரு அட்டவணையே வெளியிட்டது. அனுமதிக்கான இறுதி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். அலுவலகச் செலவுக்கு 5 வீதம்வரை, 5,000 இந்திய ரூபாய்க்கு மேற்படாமல், கழிக்கலாம். இறுதி நாளுக்கு முந்திய 15 நாட்களுக்குள் என்றால் 90 வீதம். அதன் பின் 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50, அதற்கும் பிந்தினால் ஒன்றுமில்லை. நேரத்தோடு சொன்னவருக்குக் கூடுதலாகத் திரும்புவதுதான் இதில் எங்களுக்குப் பிடித்தது. இதே அமைப்பில் இலங்கைக்கும் ஓர் அட்டவணை வேண்டும்.

இந்தியக் குழுவின் அதே அறிவித்தல் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கையில் அகப்பட்டதோடு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்கள் எங்களிடையே வாழ்கின்றன. மூலப் பிரதி என்றால் என்னவென்று அவர்களிடம் கேளுங்கள். சரிபார்த்த அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். தேவை முடிந்த தரவை வைத்திருக்கக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. ஆகவே விலகியவரின் பிரதிகளை அழித்துவிட்டோம் என்றும் அறிவியுங்கள்.

காத்திருப்போர் பட்டியலை விண்ணப்ப இலக்கத்தோடு வெளியிடுங்கள்; ஒருவர் விலகினால் அடுத்தவரை அழையுங்கள்.

இடம் கிடைத்தவர் பதில் சொல்ல நியாயமான அவகாசமும் வேண்டும். அமெரிக்காவில் பல பட்டப்பின்படிப்பு நிறுவனங்கள் தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன: உதவித்தொகையோடு இடம் கிடைத்த மாணவர் ஏப்ரல் 15வரை பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். இங்கே மூன்று நாளில் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது, அதுவும் சில வேளை மூன்றாம் நாளில்தான் கைக்குக் கிடைக்கிறது. பொதுவான ஒரு நாள் குறிக்கப்பட்டால், இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு தவிக்கும் தேவை வராது.

எங்கள் பக்கத்துக் கடமைகளும் உண்டு. வேண்டாம் என்று தீர்ந்த வாரத்திலேயே எழுதுவோம். முதலில் பரிந்துரை தந்த ஆசிரியருக்குச் சொல்வோம்: “சேர், நீங்கள் எழுதித் தந்ததற்கு நன்றி. இந்த முறை என்னால் போக முடியவில்லை, வேறு ஆள் சொல்லிக் கேள்விப்படாமல் நானே சொல்ல நினைத்தேன்.” பெரும்பாலான சேர்மார் இதற்குக் கோபிப்பதில்லை; சொல்லாமல் விட்டால்தான் கோபம். பிறகு பதிவாளருக்கு:

“முதுமாணிக் கற்கைநெறிக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்தைத் தனிப்பட்ட காரணங்களால் மீளப்பெறுகிறேன். பெயரும் விண்ணப்ப இலக்கமும் கீழே உள்ளன. பரிசீலனைக்குச் செலவிட்ட நேரத்துக்கு நன்றி. இக்கடிதம் கிடைத்ததை அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.”

இவ்வளவு போதும். வாப்பாவின் வருத்தம், கடன், வேறு இடத்தில் கிடைத்த நல்ல வாய்ப்பு எதையும் எழுதத் தேவையில்லை. எங்கள் தம்பி தங்கைமாருக்கு இன்னும் இரண்டு விஷயம். மற்ற இடம் எழுத்தில் வரும்வரை இந்த இடத்தை விடாதீர்கள். “உமக்குக் கிடைச்ச மாதிரித்தான்” என்ற வாய்ப்பேச்சை நம்பி விலகினால் இரண்டும் போகும். இந்த ஆண்டு மட்டும்தான் முடியாதென்றால், ஒத்திவைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மீளப்பெற்ற விண்ணப்பத்தைப் பெரும்பாலும் மீண்டும் திறக்கமாட்டார்கள்.

இந்தச் சாசனத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பீடத்தின் தகவல் அலுவலருக்கும் விண்ணப்பிப்போம். சென்ற முறை எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை இடம் காலியாகக் கிடந்தது, அதில் எத்தனைக்கு அடுத்தவரை அழைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. முடிவை அறிவிக்கச் சட்டம் தரும் காலம் 14 வேலை நாட்கள்.