டாஸ் லேப்டாப்பை அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

காலேஜில் சேர்றதுக்கு முந்தின வாரம் அப்பாவும் நானும் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு லேப்டாப் வாங்கப் போனோம். மழையை நம்பி விதைக்கிற கரிசல் காடு எங்களோடது. அந்த வருஷம் பருத்தி ஓரளவு கை கொடுத்திருந்தது. கடைக்காரர் ஒரே மாதிரி ரெண்டு லேப்டாப் எடுத்து வைத்தார். ஒன்று மட்டும் சில ஆயிரம் கம்மி. ஏன் என்று அப்பா கேட்டார். "இது டாஸ் லேப்டாப்ணே. விண்டோஸ் இருக்காது. அத நானே போட்டுக் குடுத்துர்றேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் விண்டோஸ் வந்துவிட்டது. லைசென்ஸ் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குக் கேட்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை.

நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேர் லேப்டாப்புக்கு இதே பூர்வீகம்தான். அன்றைக்கு அழிக்கப்பட்ட அந்த டாஸ் எது என்று யாரும் பார்த்ததில்லை. நானும் மூன்று வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். பெரும்பாலான கம்பெனிகள் போட்டு அனுப்புவது ஃப்ரீடாஸ். அதன் 1.4 வெர்ஷன் 2025 ஏப்ரல் 5 அன்று வெளிவந்தது. கருப்பு ஸ்க்ரீன், கமாண்ட் லைன், மவுஸே தேவையில்லை. இதை ஒரு வாரமாவது ஓட்டிப் பார்க்காமல் நம்மில் ஒருவரும் கம்ப்யூட்டர் படித்தோம் என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி. சண்டைக்கு வரலாம், ஆனால் முழுசா வாசிச்சிட்டு வாங்க.

இதை ஆரம்பித்தவரும் ஒரு ஸ்டூடண்ட்தான். 1994-இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால், மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும் 'நாமே ஒன்று எழுதுவோம்' என்று கிளம்பினார். அந்த வருஷம் ஜூன் 29-இல் அறிவிப்பு. 1.0 வெளிவந்தது 2006 செப்டம்பரில். பன்னிரண்டு வருஷம்! நாம ஆறாவது செமஸ்டரில் மினி புராஜெக்டை முந்தின நாள் ராத்திரி முடிக்கிற கூட்டம். அப்புறம் 2012-இல் 1.1, 2016 கிறிஸ்துமஸ் அன்று 1.2, 2022 பிப்ரவரியில் 1.3.

சரி, 1.4-இல் என்ன புதுசு? போனில் அப்டேட் வந்தால் ஐகான் உருண்டையாகும், ஏதோ ஒரு பட்டன் இடம் மாறும், பேட்டரி சீக்கிரம் தீரும். இங்கே அந்த மாதிரி ஒண்ணும் இல்லை. நாம் டைப் செய்வதை வாங்கிப் புரிந்துகொள்கிற ஃப்ரீகாம் என்ற கமாண்ட் ஷெல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இன்ஸ்டால் புரோகிராமும் உதவிப் பக்கங்களும் மேம்பட்டிருக்கின்றன. எஃப்டிஸ்க், ஃபார்மேட், எக்ஸ்காப்பி மாதிரிப் பழைய கருவிகளில் நிறைய பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றன. எம்டிசிபி என்ற நெட்வொர்க் தொகுப்பும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. பிங், எஃப்டிபி, டெல்நெட் எல்லாம் அதில் உண்டு. கர்னல்? 1.3-இல் இருந்த அதே 2043 தான்.

"கர்னலே மாறல, இதுக்குப் பேரு புது வெர்ஷனா மாப்ள?" என்று ரூம்மேட் சிரித்தான். எனக்கு இதில்தான் மரியாதை கூடியது. எஃப்டிஸ்க் என்பது ஹார்டு டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று எழுதி வைக்கிற கருவி. எல்லைக்கல்லை ஒரு அடி தள்ளி நட்டால் ரெண்டு காட்டுக்காரர்களும் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். அந்தக் கருவியில் ஒரு பிழையைத் திருத்துவது பத்துப் புது ஐகானைவிடப் பெரிய வேலை. மாதாமாதம் ஒரு சோதனை வெளியீடு விட்டு, ஆட்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லி, சரிசெய்து, மூன்று வருஷம் கழித்துத்தான் 1.4 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்பவும் ஃப்ளாப்பியில் போடுகிற பதிப்பு ஒன்று தருகிறார்கள். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி வகை மெஷினையும் விட்டுவிடக் கூடாதாம்!

நமக்கு இதில் என்ன? முதல் வருஷ சி லேபை ஞாபகப்படுத்திக்கோங்க. அந்த நீல ஸ்க்ரீன் டர்போ சி, டாஸுக்காக எழுதப்பட்டது. இன்றைய விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற ஒரு போலி டாஸுக்குள் ஓட்டுகிறோம். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்தது 1998-இல். அதற்கும் முந்தின கம்பைலரில் இன்னும் பல காலேஜ்களில் 'கிளியர் ஸ்க்ரீன்' எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆக, டாஸை நாம் ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். அது டாஸ் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். 8086 லேபிலும் அப்படியே. ரெஜிஸ்டரில் 9 போட்டு இன்டரப்ட் 21-ஐக் கூப்பிட்டால் ஸ்க்ரீனில் வாக்கியம் வரும் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். கூப்பிட்ட பிறகு உள்ளே யார் எடுத்துப் பேசுகிறார்கள்? ஃப்ரீடாஸில் அதைத் திறந்து பார்க்கலாம். கர்னலின் பெரும்பகுதி சி மொழியில் இருக்கிறது, சோர்ஸ் முழுக்க இலவசம். இன்டரப்ட் 21-ஐக் கையாளும் ஃபைலை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். எல்லாம் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதி புரிந்தது. லினக்ஸ் கர்னலில் அந்தப் பாதிக்கு எனக்கு ஒரு வருஷம் ஆகும்.

இன்னொன்று. டாஸில் தடுப்புச்சுவர் கிடையாது. பி800 என்ற செக்மெண்டில் ஒரு பைட் எழுதினால் ஸ்க்ரீனின் மூலையில் ஒரு எழுத்து நிற்கும். அடுத்த பைட்டை மாற்றினால் அதன் நிறம் மாறும். மெமரி என்பது என்ன என்று எனக்கு உறைத்தது அந்த நிமிஷம்தான். அதே சுதந்திரத்தில் தப்பான இடத்தில் எழுதினால் மெஷின் மொத்தமாக உறைந்துபோகும். ரீஸ்டார்ட்தான் கதி.

குறைகளையும் சொல்லிடணும். இதில் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், இன்றைய வெப்சைட் எதையும் உருப்படியாகத் திறக்க முடியாது. அதைவிட முக்கியமானது, ஃப்ரீடாஸுக்குப் பழைய பயாஸ் வேண்டும். பயாஸ் ஆதரவை 2020-க்குள் நிறுத்தப் போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. புது லேப்டாப்களில் இருப்பது யூஇஎஃப்ஐ மட்டும். அப்படியானால் 'டாஸ் லேப்டாப்' என்று விற்பதில் டாஸ் எப்படி ஓடுகிறது? ஒரு பெரிய கம்பெனியின் லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தவர் கண்டது இது: உள்ளே ஒரு சின்ன லினக்ஸ், அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதற்குள்தான் ஃப்ரீடாஸ். வெறும் லினக்ஸையே கொடுத்திருக்கலாமே ஐயா!

அதனால் உங்கள் லேப்டாப்பில் இருப்பதை அழித்து இதைப் போடச் சொல்லவில்லை. கியூஇஎம்யு அல்லது விர்ச்சுவல்பாக்ஸில் 1.4-இன் லைவ் சிடியை ஓட்டினால் போதும். வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: பயாஸ் அப்டேட் செய்யவும், விற்ற கம்பெனி மறந்துபோன பழைய புரோகிராம்களை ஓட்டவும் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்காதீங்க.

எனக்கு இதில் ஒரே மனக்குறை தமிழ். டாஸின் ஸ்க்ரீன் 256 எழுத்துக்குள் உலகத்தை அடக்கும். முடியாததில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் கனடாவில் கு. சீனிவாசனின் 'ஆதமி'யும், மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு'வும் டாஸ் காலத்திலேயே தமிழைக் கொண்டுவந்தன. சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்று ஒரு கார்டையே செய்து, கம்ப்யூட்டருக்குள் செருகி இந்திய எழுத்துகளைக் காட்டியது. தமிழைப் பாதி அட்டவணைக்குள், அதாவது 128 இடத்துக்குள் அடக்கும் திஸ்கி குறியீடும் வந்தது. உயிர்மெய்யைத் துண்டாக்கி, கொம்பு, கால், கொக்கி என்று தனித்தனியாக வைத்தால் இடம் போதும். ஃப்ரீடாஸில் எழுத்துருவை மாற்ற வழி இருக்கிறது. அப்படியானால் ஒரு தமிழ் எழுத்துரு ஏன் நம்ம காலேஜிலிருந்து போகக் கூடாது?

லீவில் ஊருக்குப் போனபோது தங்கச்சியின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைய ஆரம்பித்தேன். ஒரு எழுத்துக்கு அகலம் எட்டுப் புள்ளி, உயரம் பதினாறு. ட, ப, ம எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டன. ழ கொஞ்சம் மூச்சு முட்டியது. மூணு சுழி 'ண' மட்டும் எட்டுப் புள்ளிக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. அதற்கு மட்டும் ரெண்டு கட்டம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வேற யோசனை இருந்தா ரூமுக்கு வாங்க, நோட்டு என்கிட்டதான் இருக்கு.