தராசுக்கு முன் தயக்கம் எதற்கு?

"கடைக்காரர் நம்மவர், ஐவேளைத் தொழுகையாளி, அவரிடம் போய் முத்திரை கேட்பதா?" நகை வாங்கும்போது நம் குடும்பங்களில் எழும் இக்கேள்வி பேணுதலைப் போலத் தோன்றும். உண்மையில் இது கடமையைத் தட்டிக்கழிப்பதேயாகும்.

கடனை எழுதிக்கொள்ளவும், கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அது இறைநம்பிக்கையாளர்களை விளித்தே சொல்லப்பட்டது என்பதைச் சிந்திக்க வேண்டாமா? நம்பிக்கை இருப்பதால் ஆதாரம் தேவையில்லை என்று மார்க்கம் கூறவில்லை.

ஹால்மார்க் அத்தகைய சாட்சியே. இந்தியாவில் 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் தொடங்கிய கட்டாயம் படிப்படியாக விரிந்து வருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். சின்னம், 22காரட் 916 போன்ற தூய்மை அளவு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. அக்குறியை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், நகையைச் சோதித்த மையமும் தூய்மையும் தெரியவரும். முத்திரையிட்ட நகையில் தூய்மை குறைந்தால், அக்குறைவின் மதிப்பில் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் பெற விதி உண்டு. அதற்கு ரசீது வேண்டும்.

மஹராகப் பத்துப் பவுன், அதாவது 80 கிராம், 22 காரட் நகை பேசப்படுகிறது என்போம். அதில் தூய தங்கம் 73 கிராமுக்குச் சற்று மேல். கொடுக்கப்பட்டது 18 காரட் எனில் 60 கிராம்தான். குறைந்த 13 கிராம் யாருடையது? அந்த மணப்பெண்ணின் உரிமை அல்லவா? அடகுக் கடையில் உரசிப் பார்க்கும் நாள் வரை அவள் அதை அறியமாட்டாள். அதுவரை இல்லாத தங்கத்துக்கும் சேர்த்து ஜகாத் கொடுத்து வருவாள்.

முத்திரை அனைத்துக்கும் காவல் அன்று. அது தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. செய்கூலியையும் சேதாரத்தையும் அது கட்டுப்படுத்தாது. கல் பதித்த நகையில் தங்கத்தின் நிகர எடை ரசீதில் தனியே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரைக் கட்டாயம் இல்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை வெளிக்கொணர்ந்தார்கள். சோதித்துப் பார்ப்பது வணிகரை அவமதிப்பதாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நேர்மையான வணிகர் முத்திரையைத் தாமே காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நம் பெண்மக்களுக்கு நாம் செய்யும் நீதி.