டியாகோ கார்சியா: ரொறன்ரோ மறக்கக்கூடாத தீவு

2021 ஒக்ரோபரில் இந்துமாக்கடலில் தத்தளித்த மீன்பிடிப் படகிலிருந்து 89 இலங்கைத் தமிழர் மீட்கப்பட்டனர். கனடாவை நோக்கிப் புறப்பட்ட அவர்களைப் பிரித்தானியா டியாகோ கார்சியாத் தீவில் இறக்கியது. இடைத்தங்கல் மூன்றாண்டுக் காவலாயிற்று. அமெரிக்கப் படைத்தளத்துக்காகச் சாகோஸ் மக்கள் 1973இற்குள் முற்றாக வெளியேற்றப்பட்ட அந்த மண்ணில், வேலி சூழ்ந்த கூடாரங்களில் தமிழ்க் குழந்தைகள் வளர்ந்தனர். 2024 டிசம்பரில் எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே மாதம், அந்தத் தடுத்துவைப்புச் சட்டவிரோதமானது என்று அந்த ஆட்புலத்தின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கப்பலில் வருவோரை ‘வரிசையை மீறியவர்கள்’ என்று பழிக்கும் பேச்சு ரொறன்ரோத் தமிழ் இல்லங்களிலும் ஒலிப்பதுண்டு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். கனடா அவர்களை வாழ அனுமதித்தது. 2010இல் ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 பேரையோ தடுப்புக்காவலில் வைத்தது. மூன்று பயணங்களுக்கும் காரணம் ஒன்றே: சொந்த மண்ணில் பாதுகாப்பின்மை.

பெற்றோர் தாம் வந்த வழியை மறைக்காது பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் கடத்தற்காரரின் படகுகளை ஊக்குவிக்கலாகாது. ஆனால் அவற்றில் ஏறியோரை இகழவும் ஆகாது. கனடிய அரசியலில் குரல்பெற்ற இளையோர், பாதுகாப்பான அகதி வழிகளுக்காகத் தம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் வாதாடவேண்டும். அந்த 89 பேரும் தேடிவந்தது இந்த நாட்டையே.