எதிரி தப்பே பண்ணாத போட்டி

பையனுக்குப் பதினோரு வயசு. போன மாசம் முழுக்க வீட்டில் ஒரே 'பீப் போப் பீப்' சத்தம். ஆபீஸில் ஆணி பிடுங்கிவிட்டு, கொண்டாப்பூர் ட்ராஃபிக்கில் நொந்து நூலாகி வந்தால் தங்கமணி வாசலிலேயே, "முதல்ல அந்தக் கருமத்தை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நிறுத்தச் சொல்லப் போனவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துத் தொலைத்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

விளையாட்டின் பெயர் 'ஃப்ரைடே நைட் ஃபங்கின்'. 2020 அக்டோபரில் சில நண்பர்கள், குறுகிய நேரத்தில் கேம் செய்யும் ஒரு போட்டிக்காகச் செய்தது. 2021இல் முழு கேம் செய்வதற்கு விளையாடுகிறவர்களிடமே நிதி கேட்டார்கள். 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது!

கதை நம்ம ஊர்க் கதைதான். பையன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். பெண்ணோட அப்பா பழைய ராக் பாடகர், மாப்பிள்ளையை மைக் பிடித்துப் பாடச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார். அவரைத் தாண்டினால் ஒவ்வொரு 'வார'த்துக்கும் ஒரு புது எதிரி. நாலாவது வாரம் மாமியார். அஞ்சாவது வாரம் மாமனாரும் மாமியாரும் ஜோடியாக! (விசு படம் பார்த்த எஃபெக்ட்.)

இந்த வகை கேம்களுக்கென்று சில மாறாத சம்பிரதாயங்கள் உண்டு. முதலாவது, நாலு அம்புக்குறி. 1998இல் கொனாமி கம்பெனி 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' மெஷினில் காலால் மிதிக்க வைத்ததை இங்கே விரலால் அழுத்துகிறார்கள். இரண்டாவது, எதிரிதான் பெரும்பாலும் முதலில் பாடுவான், அதை நாம் திருப்பிப் பாட வேண்டும். 1996இல் வந்த 'பாராப்பா த ராப்பர்' காலத்திலேயே இதுதான் வழக்கம், என்ன, அங்கே எதிரிக்குப் பதில் வாத்தியார். மூன்றாவது, ஹீரோ பாடுவதில் அர்த்தம் கிடையாது, வெறும் சொற்கட்டு. தங்கமணிக்கு அது கருமம். 'தகதிமி' கேட்டு வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நாலாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. எதிரி தப்பே பண்ண மாட்டான். நாம் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அவன் தாளம் தவற மாட்டான். நாம் விட்டால் மட்டும்தான் கீழே இருக்கும் கோடு நமக்கு எதிராக நகரும். அதாவது சண்டை அவனோடு இல்லை. அவன் எதிரி வேஷம் போட்ட நட்டுவனார், அவ்வளவுதான்.

நாம் போட்டி என்றால் வேறு மாதிரி பழகியவர்கள். 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய அந்த ஆட்டமும், பி.எஸ். வீரப்பாவின் அந்த ஒற்றை வரியும் இன்னும் நம் வாயில் இருக்கிறது. யார் ஜெயித்தார் என்று சொல்லாமலேயே அந்த ஆட்டம் நின்றுவிடும். அது மட்டும் நமக்குப் போதவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பத்மினியா வைஜயந்தியா என்று சண்டை போடுகிறோம்.

நம்ம ஹைதராபாத்காரர்களுடைய 'ஆர்ஆர்ஆர்' (2022) 'நாட்டு நாட்டு' ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் ஆஸ்கர் வாங்கியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கடைசியில் ராம் சரண் வேண்டுமென்றே விழுந்து நண்பனை ஜெயிக்க விடுவது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இப்போது ஒரு பாவமன்னிப்பு. பையன் மூணு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டான். இரண்டு வருஷம் முன்னால் ஒரு நவராத்திரி நிகழ்ச்சியில் தனி ஆவர்த்தனம். தனியில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோர்வையில் ஒன்று சேர வேண்டும். கடம் வாசித்த பையன் இவனைவிடச் சின்னவன். அவன் சரியாக வந்து நின்றான், இவன் சமத்தை விட்டுவிட்டான். சபையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது நான்தான் சொன்னேன்: "அந்தப் பையனைப் பார்த்தியா? உன்னைவிட ரெண்டு வயசு சின்னவன்."

அதோடு சரி. மிருதங்கம் உறை போட்டு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது.

அதே பையன் அன்றைக்கு ஒரே பாட்டில் இருபத்தேழு தடவை தோற்றான். எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. "வெறுத்துப் போகலையாடா?" என்று கேட்டேன்.

"தப்பு பண்ணா திரும்ப ஆரம்பிக்கும்ப்பா. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

சுருக்கென்றது. அந்த கேமில் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருக்கும் காதலி, இவன் தப்பு விட்டால் ஒரு நொடி முகம் வாடுவாள். அடுத்த தாளத்தில் மறுபடி தலையாட்ட ஆரம்பித்துவிடுவாள். அவ்வளவுதான் ரசிகரின் வேலை. எனக்கு அது தெரியவில்லை.

கேம் நல்லது, சங்கீதம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. விரலால் பட்டன் தட்டுவதும் தோலில் நாதம் எழுப்புவதும் ஒன்றாகிவிடாது. கேம் நேரத்தை மட்டும்தான் அளக்கும், சுகத்தை அளக்காது. ஆனால் ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் பிள்ளைகளைப் பாட்டு, பரதம் என்று சேர்ப்பது வேர் விட்டுப்போகக் கூடாது என்றுதானே? அங்கேயும் போய் ரேங்க் கார்டு நீட்டினால், வேரில் நாமே வெந்நீர் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். கடம் வாசித்த பையன் எதிரி இல்லை, கூட வாசித்தவன். அதை மேடையிலிருந்த இரண்டு பிள்ளைகளும் புரிந்து வைத்திருந்தார்கள். சபையில் இருந்த அப்பாதான் ஸ்கோர் போட்டார்.

அன்றைக்கு நானும் ஒரு பாட்டு விளையாடிப் பார்த்தேன். அரை நிமிஷத்தில் காலி. "பரவால்லப்பா, இன்னொரு வாட்டி" என்றான். மிருதங்க உறையை அவன் இன்னும் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை அவன் எனக்குச் சொல்லிவிட்டான்.

விஜயதசமிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் எங்காவது மேடை ஏறலாம். திரும்பி வரும்போது காரில் என்ன பேசப் போகிறீர்கள்?