ஓதற்பிரிவு

கல்வியின் பொருட்டுப் பிறந்த ஊரை நீங்கிச் செல்லுதல் தமிழர்க்குப் புதிய செயலன்று. தலைமகன் தலைமகளைப் பிரிதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அப்பிரிவு மூன்றாண்டைக் கடவாது என எல்லையும் வகுத்தார். கடல்வழிச் செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பதும் அந்நூலிற் காணப்படும். இன்று மகளிரே தனியராய்க் கடல் கடந்து பயிலச் செல்கின்றனர். அவ்விதி வழக்கொழிந்தது நன்றே. பிரிவினால் வீட்டிலிருந்து வருந்துவோர் நிலையைப் பாடிய புலவர் பலர். கற்கச் சென்ற மாணாக்கன் புதிய ஊரில் யாரிடம் வழி கேட்டான், எங்கே உண்டான், எவ்வாறு உறங்கினான் என்பவற்றை அவர்கள் விரித்துரைத்திலர். இன்று பெற்றோர் அறிய விரும்புவன அவையே.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வானம் பார்த்த நிலம் மிகுதி. பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிட்டு வாழும் குடும்பம் ஒன்றில், மகனுக்கோ மகளுக்கோ வெளிநாட்டுக் கல்விக்கூடத்தில் இடம் கிடைத்தது என்னும் செய்தி வருமாயின், மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே அவ்வீட்டினுள் நுழையும். “இவ்வளவு தொலைவு தனியே அனுப்புவதா?” என்று பாட்டி கேட்பாள். அன்பினால் எழும் வினா அது. எனினும், தனியே செல்வோர்க்கு உண்டாகும் இடர், வழியின் தொலைவைக் காட்டிலும், வேண்டியதை வாய்விட்டுக் கேட்க அறியாமையாலேயே பெருகுகின்றது.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் தமிழ் கற்றது இப்பகுதியிலேயே ஆகும். அரியலூரில் சடகோபையங்காரிடம் தொடங்கிய அவர் கல்வி, குன்னத்திலும் பிற ஊர்களிலும் தொடர்ந்தது. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் அவருக்கு யாப்பிலக்கணம் கற்பித்தார். தமக்குத் தெரிந்ததைக் கற்பித்த பின், இதற்கு மேல் கற்க வேண்டின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் செல்க என்று வழிகாட்டினார் அப்பெரியார். தம் எல்லையை அறிந்து மாணாக்கனை அப்பால் அனுப்பும் ஆசிரியர் எக்காலத்தும் அரியர்.

1871-ஆம் ஆண்டில் தந்தையார் அவரை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று பிள்ளையவர்களிடம் ஒப்புவித்தார். ஆங்கே மூத்த மாணாக்கர் ஒருவரிடம் முதலிற் பாடங் கேட்கும் நிலை நேர்ந்தது. ஆசிரியரிடமே நேரிற் கேட்க வேண்டும் என்பது இளைஞர் அவா. அதனைச் சொல்லவோ நா எழவில்லை. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரக்கன்றுகள் வைத்து, நாள்தோறும் விடியலில் புதுத் தளிர் விட்டிருக்கின்றதா என்று பார்ப்பது வழக்கம். அதனைக் கண்ட சாமிநாதையர், அவருக்கு முன்னரே எழுந்து தோட்டத்திற்குச் சென்று தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதியவர் மகிழ்ந்தார், பேச்சு வளர்ந்தது, அதன் பின்னரே தம் விருப்பத்தை அவர் வெளியிட்டார். வேண்டியவாறே பாடம் கிடைத்தது. காவிரிக்கரை ஊர் ஒன்றில், தாய்மொழி பேசுவோரிடையே இருந்தும், ஒரு வேண்டுகோளைச் சொல்ல இத்துணை முயற்சி தேவையாயிற்று. மொழியும் உணவும் காற்றும் வேறாகிய நாட்டில் எத்துணை தேவையாகும்!

சாமிநாதையர் பின்னர்க் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்து, 1903-இல் சென்னைக்கு மாறிச் சென்றார். அதற்கு அடுத்த ஆண்டில் அக்கல்லூரியில் மாணவராய்ச் சேர்ந்தவர் சீனிவாச இராமாநுசன். கணித மேதையாகிய அவர் 1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையில் கப்பலேறித் தனியராய் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்சில் திரினிட்டிக் கல்லூரி அவரை ஏற்றது. செலவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பொருள் உதவிற்று. கல்விக்கு வேண்டிய ஏற்பாட்டில் குறை யாதும் இல்லை.

ஆயினும் ஒரு குளிர்நாளில், அங்குப் பயின்றுகொண்டிருந்த வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு அவரைக் காணச் சென்றார். இராமாநுசன் கணப்பருகே அமர்ந்திருந்தார். இரவிற் குளிர் வருத்துகின்றதா என்று வந்தவர் வினவ, மேற்சட்டையை அணிந்து சால்வையும் போர்த்துக்கொண்டே உறங்குவதாகக் கூறினார். கம்பளிகள் இல்லையோ என்று ஐயுற்ற மகலனோபிசு படுக்கையறையுட் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பும் இடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. உலகம் வியக்கும் தேற்றங்களைக் கண்டவர், தம் படுக்கையிலிருந்த கம்பளியைக் காணாது குளிரில் நடுங்கினார்.

அவர் 1917-இல் நோயுற்றதற்கு இதுவே காரணம் என்றல் பொருந்தாது. போர்க்காலமும் மரக்கறி உணவின் அருமையும் உடன் இருந்தன. 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினரான அவர், மறு ஆண்டு நாடு திரும்பி, 1920 ஏப்பிரல் 26-இல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவரை அனுப்பியது தவறு என்பார் இன்றும் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று; சென்றிராவிடில் அவர் கண்டவற்றுட் பல உலகறியாது போயிருக்கும். குறை அனுப்பியதில் இல்லை. சிறிய செய்திகளைச் சொல்லியனுப்புவார் இல்லாமையில் இருந்தது.

கேட்கத் தயங்குதற்குப் பெருங்காரணம், பேச்சு பிழைபட்டால் நகைப்பார்களே என்னும் நாணம். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியிற் பிறந்தவர். முப்பது வயதளவில் தமிழகம் வந்து, அதன் பின்னரே தமிழெழுத்தைக் கற்றவர். தேம்பாவணியும் சதுரகராதியும் செய்த அம்முனிவரும் முதலில் ழகரத்தை ஒலிக்கத் தடுமாறாதிருந்திருப்பாரா? நகைத்தவர்களும் இருந்திருப்பர்.

இக்காலத்து மாணவர் கையில் அலைபேசி உண்டு. நாள்தோறும் தாயின் முகத்தைக் காண்கின்றனர். ஆறுதலே, ஆனால் அடுத்த அறையில் இருப்பவர் பெயரை அறியாது ஒரு பருவம் முழுதும் கழிப்போரும் உளர். வெந்நீர்க் குழாய் எப்பக்கம் திருகும் என்பதைத் தாயிடம் கேட்டு என்ன பயன்?

ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுப்பதற்குப் பத்து நாள் முனைந்து உழைக்கும் குடும்பத்தார், சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் அஞ்சாது பேசவும் பழக்குவதற்கு ஓர் ஆண்டு முன்னரே தொடங்கலாம். பள்ளிகளும், முன்னர் வெளிநாடு சென்று திரும்பியவர்களை அழைத்து ஒரு பிற்பகல் பேசச் செய்யலாம்; பாடங்களைப் பற்றியன்று, படுக்கை, அடுப்பு, மருத்துவர், பேருந்து ஆகியவற்றைப் பற்றி. இதற்குச் செலவொன்றும் இல்லை. கம்பளிக் கதையைக் கேட்டு மாணவர் சிரிப்பர். சிரித்து முடித்தபின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தாம் நெடுநாள் கேட்க எண்ணியிருந்ததைக் கேட்பார்.