மழலைக்கு ஆங்கிலம்: யார் கற்பிப்பது? எப்படிக் கற்பிப்பது?

1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆவடியிலே கூடிய காங்கிரஸ் மகாசபை, 'சோஷலிச பாணிச் சமுதாயம்' காண்பதே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. அதே ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூரிலே தொழிற்பேட்டை விரிந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோரம் ஆலைகள் பெருகின.

சமத்துவம் முழங்கிய அந்த மண்ணிலே இன்று நடப்பதென்ன? ஒரே தெருவிலே பிறந்த இரு குழந்தைகள் மூன்றாம் வயதிலேயே பிரிக்கப்படுகிறார்கள். ஒரு குழந்தை வேனில் ஏறி 'இங்கிலீஷ் மீடியம்' செல்கிறது. மற்றொன்று தாயின் விரலைப் பற்றி அங்கன்வாடிக்கு நடக்கிறது. பிரிப்பது எது? சாதியா? அறிவா? இல்லை, கட்டணம்! கடன் வாங்கியேனும் அதைச் செலுத்த முனைகிறான், லேத்துப் பட்டறைத் தொழிலாளி.

அவனை ஏளனம் செய்வோர் உண்டு. மொழிப்பற்று அற்றவன் என்று ஏசுவோரும் உண்டு. நாம் அந்தக் கூட்டத்தில் சேரோம். தொழிற்சாலையிலே மேற்பார்வையாளன் பேசும் மொழி எது, மருத்துவர் எழுதும் மொழி எது, வங்கிப் படிவத்தின் மொழி எது என்பதை அவன் தினந்தோறும் காண்கிறான். தனக்குக் கிட்டாதது தன் மகளுக்கேனும் கிட்டட்டும் என்று ஏங்குகிறான். மேடையிலே தமிழ் முழங்கிவிட்டுத் தம் பிள்ளைகளை மட்டும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோருக்கு, அவனைக் குறைகூற என்ன தகுதி இருக்கிறது?

ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு முடிந்துபோன ஒன்று. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற தமிழகம், 1968 ஜனவரி 23இல் சட்டமன்றத்திலே, தமிழும் ஆங்கிலமுமே நம் பள்ளிகளுக்குப் போதும் என்று தீர்மானித்தது. ஆங்கிலம் வேண்டும், ஏழைக் குழந்தைக்கும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதை ஒரு மொழியாகக் கற்பிப்பதா, அல்லது எல்லாப் பாடங்களையும் அதற்குள்ளே அடைத்துக் கொடுப்பதா என்பதே இன்றைய கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல, தோழர்களே! வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேளாத குழந்தைக்கு அது அயல்மொழி. அறியாத மொழியிலே கூட்டலையும் கழித்தலையும் சொன்னால், கணக்கும் வாராது, மொழியும் வாராது, மனப்பாடம் ஒன்றே மிஞ்சும். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோ 1953லேயே எடுத்துரைத்தது. மலேசியா 2003இல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்த முற்பட்டது. அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. நாட்டுப்புற மாணவர் பின்தங்குவது கண்டு, 2009இல் அம்முடிவைக் கைவிடுவதாக அந்த அரசே அறிவிக்க நேர்ந்தது.

அப்படியானால் ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது? நம் மாநிலத்திற்கே இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1959இல் சென்னை மாகாணத்திலே, ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, பனிப்பந்து உருளஉருளப் பெருப்பதுபோல் அது வளரும் என்று எண்ணினர். வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி வாய்ப்பயிற்சியாக அளித்தனர். பின்னர், 1979 முதல் 1984 வரை, என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளிலே வேறொரு வழியைச் சோதித்தார். வாக்கியத்தை உருப்போட வைப்பதை விடுத்து, வரைபடத்தையும் ரயில் கால அட்டவணையையும் தந்து புதிர்களை விடுவிக்கச் செய்தார். பொருளிலே மனம் ஊன்றினால் மொழி தானே படியும் என்பது அவர் கண்ட நெறி. இம்முயற்சிகள் இரண்டுமே ஆசிரியரைத்தான் அச்சாணியாகக் கொண்டிருந்தன. பெயர்ப்பலகையை மாற்றினால் போதும் என்று அன்று எவரும் கருதவில்லை.

இன்றோ? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களிலே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. பெற்றோர் மகிழ்ந்தனர். ஆனால், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையே அங்கே மாற்றி அமர்த்தினர். 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்தனர். வகுப்புகளே நின்றுவிடும் நிலை வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அவை தொடரும் என்றனர். பிறகு தற்காலிக ஆசிரியர்களுக்கு ஆணை பிறந்தது — மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில்! பிஞ்சு நாவிலே புதுமொழியைப் பதியவைக்கும் நுண்பணிக்கு நாடு இட்ட விலை அது. திட்டத்தைத் தொடங்கியவரும் தொடர்ந்தவரும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தாய்மொழிவழிக் கல்வியைச் சட்டத்தால் கட்டாயமாக்கலாமே என்பீர்கள். இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆயினும், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியை அரசு திணிக்க இயலாது என்று 2014 மே 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ஆணையிட்டு அழைக்க முடியாது; தரத்தைக் காட்டித்தான் அழைக்க முடியும். தமிழ்வழியில் படிக்கும் குழந்தை அச்சமின்றி ஆங்கிலம் பேசுவதைப் பெற்றோர் கண்ணால் கண்டால், கடன் வாங்கிக் கட்டணம் கட்ட எவன் முன்வருவான்?

எனவே, நாம் கேட்பவை இவை. முதலிரு வகுப்புகளில் எழுத்தறிவு தமிழிலே வேரூன்றட்டும். ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் முதலில் செல்லட்டும்; பாட்டாக, கதையாக, விளையாட்டுக் கட்டளையாக நாள்தோறும் செல்லட்டும். 'பட்' என்பதும் 'புட்' என்பதும் ஒரே முறையில் எழுதப்பட்டு வேறுவேறாய் ஒலிக்கும் குழப்பத்தை, தன் மொழியில் படிக்கத் தெரிந்த குழந்தை எளிதில் கடக்கும். அந்த வகுப்புகளுக்கு நிரந்தர ஆசிரியர், முறையான பயிற்சி, வாழத்தக்க ஊதியம் வேண்டும். அம்பத்தூர் ஆலைகளுக்கு வடபுலத்திலிருந்து வந்துள்ள தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தமிழே புதுமொழி; அவர்களுக்கும் அதே பொறுமையும் அதே முறையும் உரியவை.

உங்கள் கடமை என்ன? 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலேதான். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் படிக்கவும் கணக்கிடவும் வேண்டும், 2025க்குள் அந்நிலை எய்த வேண்டும் என்பது அதன் இலக்கு. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் உங்கள் பகுதிப் பள்ளியில் அது எய்தப்பட்டதா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குப் பெற்றோருடன் செல்லுங்கள், கேளுங்கள். ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் கணக்கெடுத்து எழுதுங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டுப் பேசுங்கள். அப்பேச்சுக்கு வலிமை தனி.

தமிழ் நம் உரிமை. ஆங்கிலம் நம் கருவி. உரிமையை இழந்து கருவியைப் பெறுவதும் தவறு. கருவியைச் செல்வர் கையிலே விட்டுவிட்டு உரிமை பேசுவதும் தவறு. இரண்டும் ஏழையின் பிள்ளைக்கு, அரசின் செலவிலே, நல்லாசிரியர் வாயிலாகக் கிட்டும்வரை நம் பணி ஓயாது!